மருந்தை மறுக்கும் உயிரணுக்கள்

நுழையுமுன்

ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டால் அந்நோயின் கதை முடிந்துவிடுவதில்லை. பல ஆண்டுகள் பயன் தந்த மருந்து ஒருநாள் பயன் தராமற் போவதும் உண்டு. அவ்வாறு நேரும்போது 'மருந்து சரியில்லை', 'பத்தியம் காக்கவில்லை', 'எல்லாம் விதி' என்று பலவாறு பேசுகிறோம். உண்மையில் மாற்றம் நிகழ்வது நோயுற்ற உயிரணுக்களின் உள்ளே. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, அதை அறிவதால் விளையும் நன்மை யாது என்பவற்றை மார்பகப் புற்றுநோயைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூருக்கு அருகில் உள்ள ஊர் பிள்ளைப்பாக்கம். அவ்வூரின் பழைய அடையாளம் அதன் ஏரி; புதிய அடையாளம் அங்கு அமைந்துள்ள சிப்காட் தொழிற்பூங்கா. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் எனத் தொடரும் இத்தொழிற்பகுதியில் மகிழுந்து முதல் கைப்பேசி வரை பலவகைப் பொருள்கள் உருவாகின்றன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் பல்லாயிரவர் இங்கே விடுதிகளில் தங்கி, இரவும் பகலும் ஷிஃப்ட் முறையில் பணியாற்றுகின்றனர். இப்பெண்களும், தம் ஊதியத்திலிருந்து இவர்கள் பணம் அனுப்பும் தாய்மார்களும் அறிந்திருக்க வேண்டிய நோய்களுள் ஒன்று மார்பகப் புற்றுநோய்.

இன்று இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. 2020 ஆம் ஆண்டில் வெளியான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கையின்படி, வயது வேறுபாட்டைச் சரிசெய்து கணக்கிட்டபோது, சென்னையில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பெண்களில் 42.2 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. நாட்டின் பெருநகரங்களுள் ஐதராபாத்தில் மட்டுமே இவ்வளவு சென்னையைவிட மிகுதி. மேலைநாட்டுப் பெண்களுக்கு வருவதைவிட ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே, உழைக்கும் வயதிலேயே, இந்தியப் பெண்களுக்கு இந்நோய் வந்துவிடுகிறது. ஆண்களுக்கும் இது அரிதாக வருவதுண்டு.

இந்நோயைக் கட்டுப்படுத்தும் மருத்துவ முறைகளுள் ஒன்று ஹார்மோன் மருத்துவம். சிலரிடம் அம்மருத்துவத்தைப் புற்றணுக்கள் மறுக்கும் முறையைப் புரிந்துகொள்ளப் பிள்ளைப்பாக்கத்தின் ஏரியும் தொழிற்சாலையும் நமக்கு உவமைகளாகத் துணைசெய்யும்.

கதவு மூடினால் ஓடும் இயந்திரம்

உடலின் ஓர் உறுப்பில் சுரந்து, குருதியின் வழியே சென்று, வேறோர் உறுப்பை இயக்கும் வேதிப்பொருளே ஹார்மோன். பெண்களின் அண்டகங்களில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அவற்றுள் ஒன்று. பெண்ணின் வளர்ச்சி, மாதவிடாய், தாய்மை, எலும்பின் உறுதி ஆகியவற்றுக்கு இது தேவை. மார்பகத்தின் பால்சுரப்புத் திசுக்கள் வளர்வதற்கும் இதுவே ஆணையிடுகிறது.

ஆணையைக் கேட்பதற்குச் செவி வேண்டும் அல்லவா? உயிரணுவின் செவியாக அமைவது ஏற்பி என்னும் புரதம். 595 அமினோ அமிலங்கள் கோத்த இச்சங்கிலி, மடிந்து மடிந்து ஒரு குழியையும் அக்குழிக்கு ஒரு மூடியையும் உடைய வடிவத்தைப் பெறுகிறது. ஈஸ்ட்ரோஜன் குழிக்குள் அமர்ந்ததும் மூடி அதன்மேல் படிந்து மூடிக்கொள்கிறது. அவ்வாறு மூடிய ஏற்பி, உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வில் சில மரபணுக்களை இயங்கச் செய்கிறது. உயிரணு இரண்டாகப் பிரிகிறது.

தொழிற்சாலைகளில் உலோகத் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் இயந்திரங்களில் ஒரு காப்புக் கதவு இருக்கும். கதவு மூடினால்தான் இயந்திரம் ஓடும். கதவு திறந்திருந்தால் நின்றுவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் அத்தகைய கதவுள்ள இயந்திரமே. இயல்பான உயிரணுவில் இவ்வியந்திரம் தேவைப்படும்போது ஓடித் தேவை முடிந்ததும் நிற்கும். புற்றணுவிலோ ஓயாது ஓடிக்கொண்டிருக்கும்.

மார்பகப் புற்றுநோய்கள் அனைத்தும் ஒரே தன்மையின அல்ல. மேலைநாடுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் கட்டிகளில் இவ்வேற்பி காணப்படுகிறது. இந்தியாவில் இவ்வளவு குறைவு எனினும், பாதிக்கும் மேற்பட்டோரின் கட்டிகள் இவ்வகையைச் சார்ந்தவையே. கட்டியிலிருந்து எடுத்த சிறு திசுவைச் சாயமேற்றி உருப்பெருக்கியில் நோக்கி இதனை அறிகின்றனர். ஏற்பி உள்ள கட்டிக்கே ஹார்மோன் மருத்துவம் பயன்படும்.

மருத்துவம் பிறந்த கதை

ஈஸ்ட்ரோஜன் என்னும் பெயரே உலகிற்குத் தெரியாத காலத்தில் இம்மருத்துவம் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், பால் சுரப்பைப் பற்றி ஆராய்ந்தவர். கறவைப் பசுவின் அண்டகத்தை நீக்கினால் அது நெடுங்காலம் பால் தரும் என்னும் உழவர் வழக்கத்தை அவர் அறிந்திருந்தார். அண்டகத்திற்கும் மார்பகத்திற்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று அதனால் உய்த்துணர்ந்தார். முற்றிய மார்பகப் புற்றுநோயால் துன்புற்ற பெண்களுக்கு அண்டகங்களை அறுவை செய்து நீக்கியபோது கட்டிகள் சுருங்கியதை 1896 இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். ஆனால், பிற மருத்துவர்களும் அம்முறையைப் பின்பற்றியபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே அது பயன் தந்தது. அதன் காரணம் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கத் தொடங்கியது. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் 1950களின் இறுதியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்தார். ஏற்பி இல்லாத கட்டிக்கு ஈஸ்ட்ரோஜனை நிறுத்துவதால் பயனில்லை என்பது அதன்பின் தெளிவாயிற்று.

1962 இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்னும் வேதியியலார் ஒரு சேர்மத்தை உருவாக்கினார். கருத்தடை மருந்தாகும் என்று கருதப்பட்ட அது அந்நோக்கத்திற்குப் பயன்படவில்லை. எனினும் மான்செஸ்டர் நகரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு அளிக்கப்பட்டபோது நற்பயன் தந்தது; அவ்வாய்வின் முடிவு 1971 இல் வெளியாயிற்று. டமாக்சிஃபென் என்னும் அம்மருந்து இன்று உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஏற்பியின் குழிக்குள் அமரும் டமாக்சிஃபெனின் ஒரு பகுதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் மூடி மூட இயலாது. கதவிடுக்கில் கட்டையைச் செருகி இயந்திரத்தை நிறுத்துவது போன்றது இது.

மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் வேறு வகையில் உருவாகிறது. கொழுப்புத் திசு முதலியவற்றில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி, வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அந்நொதியைத் தடுப்பவை லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் ஆகிய மருந்துகள். ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்னும் ஊசிமருந்து ஏற்பியையே சிதைந்தழியச் செய்கிறது. எனவே ஹார்மோன் மருத்துவத்தின் வழிகள் மூன்று: ஏற்பியைத் தடுப்பது, ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பது, ஏற்பியை அழிப்பது.

இம்மருத்துவத்தின் பயன் சிறிதன்று. ஏற்பியுள்ள தொடக்கநிலை நோய்க்கு அறுவைக்குப் பின் ஐந்தாண்டுகள் டமாக்சிஃபென் உட்கொண்டவர்களிடையே, பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது எனப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. எனினும் சிலருக்கு நோய் மீள்கிறது. வேறு உறுப்புகளுக்குப் பரவிய நோயிலோ, தொடக்கத்தில் பணிந்த கட்டி காலப்போக்கில் மருந்தை மறுப்பது பெரும்பாலும் நிகழ்கிறது.

வற்றிய ஏரியும் விரால் மீனும்

மருந்தை மறுக்கும் ஆற்றல் எவ்வாறு வருகிறது? இதற்கு விடை காண ஏரிக்கரைக்குச் செல்வோம்.

கோடையில் ஏரி வற்றும்போது கெண்டை போன்ற மீன்கள் மடிகின்றன. விராலோ நீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்க வல்லது. சேற்றில் ஈரம் உள்ளவரை உயிர் பிழைத்திருக்கும். மழை பெய்து ஏரி மீண்டும் நிறையும்போது, வெளியிலிருந்து வேறு மீன்கள் வாராவிடின், பிழைத்திருந்த விராலின் குஞ்சுகளே ஏரியை நிறைக்கும். வறட்சி கெண்டையை விராலாக மாற்றவில்லை. முன்பே இருந்த பலவகை மீன்களுள் பிழைக்க வல்லதை அது தேர்ந்தெடுத்தது.

புற்றுநோய்க் கட்டியும் ஓர் ஏரியே. கையால் தடவி உணரத்தக்க சிறிய கட்டியிலேயே கோடிக்கணக்கான உயிரணுக்கள் உள்ளன. ஒவ்வொரு முறை உயிரணு பிரியும்போதும் ஏறத்தாழ 300 கோடி எழுத்திணைகள் கொண்ட மரபுநூல் படியெடுக்கப்படுகிறது. படியெடுப்பில் பிழை நேர்வது இயற்கை. இப்பிழைகளே சடுதிமாற்றங்கள். அவற்றுள் பல உயிரணுவுக்கு நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. ஏதோ ஓர் உயிரணுவில் நேர்ந்த பிழை, ஈஸ்ட்ரோஜன் இன்றியும் வாழும் ஆற்றலை அதற்கு அளித்திருக்கலாம். மருந்து இல்லாத காலத்தில் அவ்வாற்றலால் சிறப்பான பயன் ஏதுமில்லை. மருந்து வந்து பிற உயிரணுக்களை அடக்கியபின் அதன் வழித்தோன்றல்கள் பெருகிக் கட்டியை நிறைக்கின்றன. டார்வின் உயிரினங்களிடம் கண்ட இயற்கைத் தேர்வு, இங்கு ஒரே உடலுக்குள் சில ஆண்டுகளில் நிகழ்ந்துவிடுகிறது.

இவ்வுவமை ஓரிடத்தில் பொருந்தாது. கெண்டை விராலாவதில்லை, புற்றணுவோ மருந்தின் நெருக்கடியில் தானும் மாறக்கூடும். மரபணுவின் எழுத்து மாறாமலேயே சில மரபணுக்களை ஒடுக்கியும் சிலவற்றை மிகுதியாக இயக்கியும் புதிய சூழலுக்கு அது தன்னைப் பொருத்திக்கொள்கிறது. ஆகவே தேர்வு, தகவமைப்பு ஆகிய இரண்டாலும் மருந்து மறுப்பு உருவாகிறது.

தெரிந்து தெளிவோம்

ஹார்மோன் மருத்துவம் பற்றிய ஆய்வகச் சோதனைகளுள் மிகப் பல, எம்.சி.எஃப்.-7 என்னும் உயிரணு வரிசையைக் கொண்டே நிகழ்ந்துள்ளன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த துறவுப் பெண் ஒருவரின் உடலிலிருந்து 1970 இல் எடுக்கப்பட்ட புற்றணுக்களே அவ்வரிசையின் மூலம். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அவ்வுயிரணுக்களின் வழித்தோன்றல்கள் உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் இன்றும் வளர்க்கப்படுகின்றன. ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஊடகத்தில் இவற்றை இட்டால் தொடக்கத்தில் வளர்ச்சி தளரும். பல மாதங்கள் கழித்து, மிகச் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனுக்கும் எதிர்வினை காட்டும் உயிரணுக்கள் தோன்றிப் பெருகும். பட்டினி கிடந்த செவி மெல்லொலியையும் கேட்கப் பழகிவிடுகிறது.

மறுப்பின் நான்கு வழிகள்

முதல் வழி, கதவு தானே மூடிக்கொள்வது. 2013 ஆம் ஆண்டில் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் இரு ஆய்வுக் கட்டுரைகள் வெளியாயின. ஒன்று நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்தது. மற்றொன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் குழுவினருடையது. பிற உறுப்புகளுக்கு நோய் பரவிய 11 பெண்களின் கட்டிகளை மிச்சிகன் குழுவினர் ஆராய்ந்தபோது, 6 பேரிடம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவில் சடுதிமாற்றம் காணப்பட்டது. அவ்வறுவரும் முன்னர் ஹார்மோன் மருத்துவம் பெற்றவர்கள். இம்மரபணு ஆறாம் குரோமோசோமில் உள்ளது. சடுதிமாற்றங்கள் பெரும்பாலும் ஏற்பிச் சங்கிலியின் 537, 538 ஆம் இடங்களைச் சுற்றியே அமைகின்றன. மூடி தொடங்கும் இடம் அதுவே. 537 ஆம் இடத்தில் டைரோசினுக்கு மாற்றாகச் செரின் வந்து அமர்ந்தால், உள்ளே ஈஸ்ட்ரோஜன் இல்லாமலேயே மூடி மூடிய நிலையில் நிலைத்துவிடுகிறது. காப்புக் கதவின் சுவிட்சை யாரோ கட்டி வைத்துவிட்டால் கதவு மூடியிருப்பதாகவே எண்ணி இயந்திரம் ஓடுவது போன்றது இது. 595 அமினோ அமிலங்களில் ஒன்று மாறியதன் விளைவு இவ்வளவு பெரிது. மருத்துவம் பெறாத தொடக்கநிலைக் கட்டிகளில் இம்மாற்றம் மிக அரிது. ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்துகளை நெடுங்காலம் பெற்று நோய் பரவியவர்களிடமே மிகுதி. மருந்தின் நெருக்கடியே இவ்வுயிரணுக்களைத் தேர்ந்தெடுத்தது என்பதற்கு இது சான்றாகும்.

இரண்டாம் வழி, மாற்று ஆற்றலை நாடுவது. மின்வாரியத்தின் மின்சாரம் நின்றதும் தொழிற்சாலையில் ஜெனரேட்டர் இயங்கத் தொடங்குகிறது. புற்றணுவிலும் ஈஸ்ட்ரோஜனைச் சாராத வளர்ச்சிப் பாதைகள் உண்டு. உயிரணுவின் வெளிச்சவ்வில் அமைந்த ஹெர்2 போன்ற ஏற்பிகள் வெளியிலிருந்து வரும் வளர்ச்சிக் குறிப்புகளை உள்ளே கடத்துகின்றன. அக்குறிப்பைக் கைமாற்றிச் செல்லும் புரதங்களுள் ஒன்றன் மரபணு, ஏற்பியுள்ள கட்டிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் சடுதிமாற்றம் அடைந்துள்ளது. இப்பாதைகள் உயிரணுவை நேரே பிரியத் தூண்டுவதோடு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின்மீது பாஸ்பேட்டைப் பொருத்தி அதனையும் இயக்கிவிடுகின்றன. இத்தகைய சில உயிரணுக்களில், தடுக்க வந்த டமாக்சிஃபெனே தூண்டும் பொருளாக மாறிவிடுவதையும் ஆய்வகங்களில் கண்டுள்ளனர்.

மூன்றாம் வழி, ஏற்பியையே கைவிடுவது. மீண்டும் வந்த கட்டியைச் சோதிக்கும்போது, முன்பு இருந்த ஏற்பி சிலரிடம் காணப்படுவதில்லை. அவர்களுள் பலரிடம் ஏற்பியின் மரபணு அழிந்துவிடவில்லை. அதன் தொடக்கப் பகுதியில் வேதிக்குறிகள் ஒட்டி அதனை ஊமையாக்கியிருக்கின்றன. கதவுள்ள பழைய இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு முற்றிலும் வேறோர் இயந்திரத்தால் தொழில் நடத்துவது போன்றது இது. அதன்பின் கதவிடுக்கில் எத்தனைக் கட்டைகளைச் செருகினும் பயனில்லை.

நான்காம் வழி, உறங்கிக் காத்திருப்பது. அறுவைக்கு முன்பே கட்டியிலிருந்து பிரிந்து எலும்பு மச்சை முதலிய இடங்களை அடைந்த சில உயிரணுக்கள், பிரியாமல் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. ஐந்தாண்டு மருத்துவத்தை முடித்த ஏறத்தாழ 63,000 பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான ஆய்வு, ஐந்தாம் ஆண்டு முதல் இருபதாம் ஆண்டு வரை நோய் மீள்வது தொடர்ந்து நிகழ்வதைக் காட்டியது. இது மருந்தை எதிர்த்து நிற்பதன்று. மருந்து ஓயும்வரை ஒளிந்திருப்பது. நோய் மீளும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு மருத்துவத்தை ஐந்தாண்டுக்கு மேலும் நீட்டிப்பதன் காரணம் இதுவே.

வழி அறிந்து வழி மறித்தல்

நான்கு வழிகளையும் பிரித்தறிந்ததால் மருத்துவம் அடைந்த பயன் யாது?

நோய் மீண்டவரிடம் 'மருந்து பயனற்றுப் போயிற்று' என்று கூறி நின்றுவிடுவது முன்னைய நிலை. 'எந்த வழியில் பயனற்றுப் போயிற்று' என்று வினவுவது இன்றைய நிலை. மீண்ட கட்டியிலிருந்து திசுவை எடுத்து ஏற்பி உள்ளதா என மறுமுறை சோதிக்கின்றனர். கட்டியின் உயிரணுக்கள் அழியும்போது குருதியில் கலக்கும் டி.என்.ஏ. துண்டுகளை ஆராய்ந்து, எவ்வகைச் சடுதிமாற்றம் நேர்ந்துள்ளது என்பதையும் அறிய முடிகிறது.

கதவு தானே மூடிக்கொண்ட கட்டிக்கு ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதால் பயனில்லை. ஏற்பியை அழிப்பதே தக்கது. அதற்கென உருவான எலாசெஸ்ட்ரன்ட் என்னும் மாத்திரைக்கு 2023 இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. வளர்ச்சிப் பாதையில் சடுதிமாற்றம் உள்ள கட்டிக்கு, அப்பாதையைத் தடுக்கும் அல்பெலிசிப் 2019 இல் ஒப்புதல் பெற்றது. ஏரிக்கு வரும் வாய்க்கால்கள் பலவாயினும் நீர் வெளியேறும் மதகு ஒன்றாக இருப்பதுபோல, வளர்ச்சிப் பாதைகள் பலவும் உயிரணுப் பிரிதலைத் தொடங்கிவைக்கும் சில நொதிகளிடம் வந்து சேர்கின்றன. அந்நொதிகளைத் தடுத்து மதகை அடைக்கும் பால்போசிக்லிப் 2015 இல் ஒப்புதல் பெற்றது. இதனை ஹார்மோன் மருத்துவத்துடன் இணைத்து அளிக்கும்போது, பரவிய நோய் கட்டுக்குள் நிற்கும் காலம் நீள்கிறது. விலை மிகுந்த இம்மருந்தின் காப்புரிமை இந்தியாவில் 2023 இல் முடிவடைந்தது. அதன்பின் உள்நாட்டு நிறுவனங்களும் இதனைத் தயாரிக்கத் தொடங்கியதால் விலை குறைந்தது. ஆய்வகத்தில் கண்ட உண்மை நோயாளியைச் சென்றடைய வேதியியலைப் போலவே பொருளியலும் சட்டமும் துணைசெய்ய வேண்டியுள்ளது.

இப்புதிய மருந்துகளையும் உயிரணுக்கள் காலப்போக்கில் மறுக்கக்கூடும். எனவே ஒரு மருந்தோடு ஆய்வு முடிவதில்லை.

மறுப்பு வேறு, இடைநிறுத்தம் வேறு

உயிரணுக்கள் மருந்தை மறுப்பதும், மருந்து உயிரணுக்களைச் சென்றடையாமல் போவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இரண்டும் வேறு. முன்னது உயிரியலின் செயல். பின்னது பெரும்பாலும் வாழ்க்கைச் சூழலின் விளைவு.

ஐந்தாண்டு மருத்துவம் என்பது நாள்தோறும் ஒரு மாத்திரை என ஏறத்தாழ 1,825 மாத்திரைகள். அறுவை முடிந்து உடல் தேறி, நோயின் அடையாளமே இல்லாத நிலையில் அவற்றை உட்கொள்ள வேண்டும். உடலில் திடீரென வெப்பம் பரவுதல், மூட்டுவலி, உறக்கமின்மை போன்ற பக்கவிளைவுகள் சிலருக்குத் தோன்றும். ஷிஃப்ட் மாறும்போது உணவும் உறக்கமும் நேரம் மாறுகின்றன. மருத்துவமனைக்குச் செல்ல விடுப்பும் ஊதிய இழப்பும் தடையாகின்றன. 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்னும் எண்ணம் மேலிட்டு மாத்திரையை நிறுத்திவிடுவோர் உலகெங்கும் உண்டு. உறங்கும் உயிரணுக்களைப் பற்றி அறிந்தவர் அவ்வாறு நிறுத்தத் தயங்குவார். பக்கவிளைவு பொறுக்க இயலாததாயின் அதனை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். மருந்தை மாற்றவும் துன்பத்தைக் குறைக்கவும் வழிகள் உள்ளன.

முறையாக மருந்து உட்கொண்டும் நோய் மீண்டவரை 'நீ சரியாக இருக்கவில்லை' என்று பழிப்பது தவறு. அவருடைய உயிரணு ஒன்றில் நேர்ந்த எழுத்துப் பிழைக்கு அவர் பொறுப்பாகமாட்டார். அதேபோல, மறுப்பு என்னும் சொல்லைக் கேட்டதும் மருத்துவத்தையே கைவிட்டு, ஆதாரமற்ற உறுதிமொழிகளை நம்பிச் செல்வதும் தவறு. ஒரு வழி அடைபட்டால் அடுத்த வழியைத் தேடும் அறிவு இன்று மருத்துவத்திடம் உள்ளது.

முந்திக் கண்டறிதல்

கட்டி பெரிதாகும்தோறும் உயிரணுக்களின் எண்ணிக்கை பெருகுகிறது. எண்ணிக்கை பெருகும்தோறும் பிழைகளும் பல்கி, மருந்தை மறுக்க வல்ல உயிரணு அவற்றுள் இருக்கும் வாய்ப்பும் மிகுகிறது. சிறிய ஏரியில் மீன் வகைகளும் குறைவு. ஆகவே நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிதல், மருந்து மறுப்பை எதிர்க்கும் முதற்படியுமாகும்.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் எங்கும் கட்டாயம் என்பதில்லை. மும்பையில் 1998 இல் டாட்டா நினைவு மையம் ஒரு பேராய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்கள் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி பெற்ற பெண் நலப்பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கைகளால் மார்பகப் பரிசோதனை செய்தனர். நோய் முற்றுவதற்கு முன்பே கண்டறியப்பட்டது. 50 வயதைக் கடந்தவர்களிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

தமிழகத்திற்கும் இத்துறையில் நெடிய மரபு உண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி, அத்துயரைத் தொண்டாக மாற்றி 1954 இல் சென்னை அடையாறில் புற்றுநோய் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 12 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிறுவனத்தில், அடுத்த ஆண்டில் இணைந்த மருத்துவர் வி. சாந்தா 2021 இல் மறையும்வரை பணியாற்றினார். பிள்ளைப்பாக்கம் அமைந்த காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் இயங்கி வருகிறது. 2021 இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பின்னர்த் தொழிலாளர்களின் பணியிடங்களுக்கும் விரிவடைந்தது. 30 வயதைக் கடந்த பெண்கள் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். வலியில்லாத கட்டி, தோலில் சுருக்கம், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து குருதி கசிதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால், எவ்வயதினராயினும் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். வலி இல்லை என்பதே பலர் காலம் தாழ்த்தக் காரணமாகிறது.

பெண்கள் தம் உடலைப் பற்றித் தாயிடமும் கூறக் கூசும் சூழல் இன்னும் பல வீடுகளில் நிலவுகிறது. அக்கூச்சம் நீடிக்கும் ஒவ்வொரு மாதமும் உயிரணுக்கள் பிரிவதற்குக் கிடைக்கும் காலமாகிறது. மார்பகம் என்னும் சொல்லைக் கூச்சமின்றி உச்சரிப்பதும், வீட்டில் உள்ள தாய், அத்தை, பாட்டி ஆகியோரிடம் பரிசோதனை பற்றிப் பேசுவதும், ஐந்தாண்டு மாத்திரையை உட்கொள்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவருக்கு அதனை நாள்தோறும் நினைவூட்டுவதும் பதினோராம் வகுப்பு மாணவர் எவரும் செய்யக்கூடிய செயல்களே.